கொழுப்பு ஸ்டெம் செல்களிலிருந்து எலும்புத் திசு: ஆய்வகத்தில் படிப்படியாக வளர்க்கும் முறை

இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்கள் எல்லோரும் 21-ஆம் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள். அன்றைக்கு, கால்சியத்தைச் சிவப்பாகக் காட்டும் அலிசரின் ரெட் சாயத்தை ஊற்றுவோம், தட்டு சிவக்கும், எலும்பு வந்துவிட்டது என்று நோட்டில் எழுதிக்கொள்வோம். அந்தச் சிவப்பை நம்பலாமா கூடாதா என்பது செல்களைத் தட்டில் விதைக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. எத்தனை செல் போட்டீர்கள், தட்டின் எந்தக் குழியை ஒப்பிட்டுப் பார்க்கும் கன்ட்ரோலாக விட்டீர்கள், மருந்தை எந்த மூலக்கூறு எடையை வைத்து நிறுத்தீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் இங்கே தொடக்கப் படிகளுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று. இது ஆராய்ச்சிக்கான வளர்ப்பு முறை. இப்படி வளர்த்த செல்களை மனித உடம்பில் வைக்கக் கூடாது. அதற்குத் தனி உற்பத்தித் தரம், தனி அனுமதி, மாட்டுச் சீரம் (ரத்தத்திலிருந்து பிரித்த திரவம்) கலக்காத மீடியம் (செல்லை வளர்க்கும் ஊட்டத் திரவம்) எல்லாம் வேண்டும்.

1. கொழுப்பு வருவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டியவை

லைபோசக்ஷனில் உறிஞ்சி எடுத்த கொழுப்பு வழக்கமாகக் குப்பைக்குப் போவது. அதற்காக அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிட முடியாது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், கொடுப்பவர் கையெழுத்திட்ட சம்மதமும் முதலில் வேண்டும். எச்ஐவி, ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி பரிசோதனை முடிவு வந்திருந்தாலும், தொற்றுள்ள பொருளைக் கையாள்வது போலவே பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். பரிசோதனையில் தெரியாத கிருமிகளும் இருக்கலாம்.

கொழுப்பு எப்போது வரும் என்பது அறுவை அரங்கின் கையில் இருக்கிறது. காலை பத்து மணி என்பார்கள், மாலை நான்கு மணிக்கு வரும். வந்த பிறகு பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) தயாரிக்க உட்கார்ந்தால் இரவாகிவிடும். முந்தைய நாளே கழுவும் கரைசல், கொலாஜினேஸ் (கொலாஜன் புரதத்தை வெட்டும் நொதி) தூள், 100 மைக்ரான் வடிகட்டி, சீரம் கலந்த மீடியம் எல்லாம் அடுக்கி வைத்திருங்கள். அன்றே பிரித்தெடுப்பது நல்லது. எப்படியும் 24 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

சீரத்தையும் கொலாஜினேஸையும் வாங்கும்போது ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் மொத்தமாக எடுத்து வையுங்கள். இரண்டுமே லாட்டுக்கு லாட் மாறுகிற பொருள்கள். பரிசோதனையின் நடுவில் லாட் மாறினால், முடிவில் தெரியும் வித்தியாசம் செல்லால் வந்ததா சீரத்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

2. ரத்தம் போகும்வரை கழுவுதல்

கொழுப்பின் அளவுக்குச் சமமாக பிபிஎஸ் ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்கி, சில நிமிடம் நிற்க வையுங்கள். கொழுப்பு மேலே மிதக்கும், ரத்தமும் மயக்க மருந்து கலந்த திரவமும் கீழே இறங்கும். கீழே இருப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி கழுவுங்கள். கீழ்த் திரவம் கிட்டத்தட்ட நிறமில்லாமல் தெளியும்வரை இதைச் செய்ய வேண்டும். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து முறை ஆகும்.

இங்கே அவசரப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மிஞ்சிய சிவப்பணுக்கள் பின்னால் எண்ணிக்கையைக் குழப்பும், செல்கள் பிளாஸ்கில் ஒட்டுவதையும் கெடுக்கும்.

3. கொலாஜினேஸில் கரைத்தல்

கழுவிய கொழுப்பு எவ்வளவோ அவ்வளவு 0.1 சதவீத கொலாஜினேஸ் டைப் ஒன் கரைசல் சேருங்கள். 100 மி.லி. கொழுப்பு என்றால் 100 மி.லி. கரைசல், அதில் 100 மி.கி. தூள். 37 டிகிரியில் மெதுவாக ஆட்டிக்கொண்டே 30 முதல் 60 நிமிடம் வைக்க வேண்டும்.

இந்த நொதிக்கு வேலை செய்யக் கால்சியம் வேண்டும். அதனால் கால்சியம் உள்ள உப்புக் கரைசலில் கரையுங்கள். எடிடிஏ கலந்த எதையும் இந்தக் கட்டத்தில் பக்கத்தில் விடாதீர்கள். அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், நொதி சும்மா கிடக்கும்.

கடிகாரத்தைவிடக் குழாயைப் பார்த்து முடிவெடுங்கள். தொடக்கத்தில் மஞ்சள் துணுக்குகள் தனித்தனியாகத் தெரியும். முப்பது நிமிடத்துக்கு மேல் அவை உடைந்து, குழாயைச் சாய்த்தால் ஒரே சீராக வழியும் கூழாகிவிடும். அந்த நிலை வந்ததும் நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் கரையட்டும் என்று விட்டுவைத்தால் செல்களின் மேற்பரப்புப் புரதங்களே அரிபடும். பத்து சதவீத சீரம் கலந்த மீடியத்தைச் சம அளவு ஊற்றினால் நொதி அடங்கும்.

4. சுழற்றிப் பிரித்தல்

1200 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல 1200 மடங்கு) 10 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றுங்கள். ஜி என்றுதான் சொல்கிறேன், நிமிடத்துக்கு 1200 சுற்று என்று சொல்லவில்லை. ரோட்டாரின் ஆரத்தைப் பொறுத்து இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் வரும். செல்லே கிடைக்கவில்லை என்று வந்து நின்றவர்களில் பாதிப் பேர் இந்த எண்ணைத்தான் மாற்றிப் போட்டிருந்தார்கள்.

முதிர்ந்த கொழுப்பு செல்கள் எண்ணெயோடு மேலே மிதக்கும். நமக்கு வேண்டியவை அடியில் சிவந்த வண்டலாகப் படியும். முதல் சுற்று முடிந்ததும் குழாயை வேகமாகக் குலுக்கி, இன்னொரு தடவை சுழற்றுங்கள். கொழுப்போடு சிக்கி மேலேயே நின்ற செல்களும் அப்போது கீழே வந்துவிடும். அப்புறம் எண்ணெய், நடுத்திரவம் இரண்டையும் மேலிருந்து கீழாக உறிஞ்சி எடுங்கள். பைப்பெட்டை நேரே அடிவரை விட்டு எடுத்தால் நுனியில் ஒட்டிய எண்ணெய் வண்டலில் கலந்துவிடும்.

வண்டலில் 160 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடு ஊற்றி 10 நிமிடம் வைத்தால் மீந்த சிவப்பணுக்கள் உடையும். மறுபடி சுழற்றி, வடிகட்டி, செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் டிரிபான் நீலத்தில் எண்ணுங்கள். ஒரு மி.லி. கொழுப்புக்குச் சில லட்சம் உயிருள்ள செல்கள் கிடைத்தால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் இந்த எண்ணிக்கை முழுவதும் ஸ்டெம் செல் என்று எழுதிவிடாதீர்கள். ரத்தக் குழாய் செல், வெள்ளையணு, ஃபைப்ரோபிளாஸ்ட் எல்லாம் கலந்த கூட்டம் அது. அதில் ஒட்டி வளர்ந்து கூட்டமாகப் பெருகக்கூடியவை சில சதவீதம்தான்.

5. ஒட்டவைத்துப் பெருக்குதல்

டிஎம்இஎம் மீடியம், 10 சதவீத சீரம், 1 சதவீத ஆன்டிபயாட்டிக். 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு. 24 மணி நேரம் பிளாஸ்கை அசைக்காமல் விடுங்கள். அடுத்த நாள் ஒட்டாதவற்றை பிபிஎஸ்ஸால் கழுவி எடுத்துவிட்டுப் புது மீடியம் ஊற்றுங்கள். இந்தக் கழுவலே ஒரு பிரித்தெடுப்புதான். ஒட்டத் தெரியாத ரத்த செல்கள் இங்கேயே வெளியே போய்விடுகின்றன.

பிளாஸ்கின் அடி 80 சதவீதம் நிரம்ப ஒரு வாரம் போல ஆகும். அந்த நேரத்தில், ஒட்டிய செல்லை விடுவிக்கும் டிரிப்சின் நொதியைப் போட்டு எடுத்துப் புது பிளாஸ்குகளுக்குப் பிரித்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை 80 சதவீதம் இருந்ததை, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று விட்டால் செல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சுழல் சுழலாகக் கட்டிக்கொள்ளும். அப்புறம் டிரிப்சினில் தாளாக உரிந்து வருமே தவிர, தனித்தனிச் செல்லாக வராது.

இப்படிப் பிரித்து மறுபடி வளர்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பாஸேஜ். எலும்புச் சோதனைக்கு இரண்டாவது அல்லது மூன்றாவது பாஸேஜை எடுங்கள். ஐந்தைத் தாண்டினால் செல்கள் அகன்று தட்டையாகும், பெருகும் வேகமும் குறையும். தேவைக்கு மேல் இருப்பதை உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓவை 10 சதவீதம் கலந்து, நிமிடத்துக்கு 1 டிகிரி குறையும்படி உறையவைத்து, திரவ நைட்ரஜனில் போட்டுவிடுங்கள்.

மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமிக்கான சோதனையை இந்தக் கட்டத்திலேயே முடியுங்கள். பெனிசிலின் செல்சுவரைக் கெடுத்துத்தான் கிருமியைக் கொல்லும், மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. மீடியம் கலங்காது, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மூன்று வாரச் சோதனை மட்டும் வீணாகும்.

6. இவை அந்தச் செல்கள்தானா?

செல்களை ஒவ்வொன்றாக லேசரில் ஓட்டிப் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் சிடி73, சிடி90, சிடி105 ஆகிய மேற்பரப்புப் புரதங்கள் மூன்றும் இருக்க வேண்டும். சிடி45, சிடி31 இரண்டும் இருக்கக் கூடாது. முன்னது வெள்ளையணுவின் அடையாளம், பின்னது ரத்தக் குழாய்ச் சுவரின் அடையாளம். எலும்பு மஜ்ஜை செல்லிலிருந்து பிரித்துக் காட்ட சிடி36 இருப்பதும் சிடி106 இல்லாததும் உதவும். 2013-இல் வந்த சர்வதேசப் பரிந்துரையின் பட்டியலிலும் இவையெல்லாம் இருக்கின்றன.

சிடி34 பற்றி நிறையப் பேர் குழம்புகிறார்கள். புதிதாகப் பிரித்த செல்லில் அது இருக்கும், வளர்க்க வளர்க்கக் குறையும். மூன்றாவது பாஸேஜில் அது தென்படவில்லை என்று செல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

7. எலும்பு மீடியம் கலக்குதல்

சாதாரண வளர்ப்பு மீடியத்தோடு மூன்று பொருள் சேரும்: டெக்ஸாமெத்தசோன் 100 நானோமோலார், பீட்டா கிளிசரோபாஸ்பேட் 10 மில்லிமோலார், அஸ்கார்பிக் அமில 2-பாஸ்பேட் 50 மைக்ரோமோலார். மூன்றும் எதற்கு என்று தெரிந்தால் அளவு தவற வாய்ப்பு குறையும்.

டெக்ஸாமெத்தசோன் செல்லை எலும்புப் பக்கம் திருப்பிவிடுகிறது. ரன்எக்ஸ்2 போன்ற எலும்பாக்கும் மரபணுக்களின் வேலையை முடுக்குகிறது. ஆனால் இதே மருந்து 1 மைக்ரோமோலார் அளவில் கொழுப்பாக்கும் மீடியத்திலும் இருக்கிறது. பத்து மடங்கு தவறினால் செல்லுக்குள் கனிமத்துக்குப் பதில் எண்ணெய்த் துளிகள் மின்னும். சரியான அளவிலும் அங்கங்கே சில செல்கள் துளி கட்டத்தான் செய்யும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

அஸ்கார்பிக் அமிலம் இல்லாமல் கொலாஜன் இழைகள் முறுக்கிக்கொண்டு நிற்காது, கனிமம் படிய மேடையே இருக்காது. வெறும் வைட்டமின் சி 37 டிகிரியில் சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால்தான் 2-பாஸ்பேட் வடிவத்தைத் தேடி வாங்குகிறோம். பீட்டா கிளிசரோபாஸ்பேட் பாஸ்பேட்டின் கையிருப்பு. செல் உண்டாக்கும் ஆல்கலைன் பாஸ்படேஸ் நொதி அதை வெட்டி பாஸ்பேட்டை விடுவிக்கும், அது கால்சியத்தோடு சேர்ந்து படியும்.

100 மி.லி. மீடியத்துக்கான கணக்கு இது. டெக்ஸாமெத்தசோனை எத்தனாலில் 1 மில்லிமோலாராகக் கரைத்து வைத்துக்கொண்டால் (10 மி.லி.க்கு 3.9 மி.கி.) அதில் 10 மைக்ரோலிட்டர் போதும். பீட்டா கிளிசரோபாஸ்பேட் 1 மோலார் கரைசலில் 1 மி.லி. அஸ்கார்பிக் 2-பாஸ்பேட் 50 மில்லிமோலார் கரைசலில் 100 மைக்ரோலிட்டர். அஸ்கார்பிக்கை மட்டும் மீடியம் மாற்றும் அன்றைக்குச் சேர்ப்பது என் வழக்கம்.

ஒரு முறை எங்கள் குழுவில் தட்டுகள் வரிசையாக வெளிறிப்போயின. செல், சீரம், சாயம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து அலுத்த பிறகு, பீட்டா கிளிசரோபாஸ்பேட் பாட்டிலின் லேபிளை நிதானமாகப் படித்தோம். ஐந்து நீர் மூலக்கூறு சேர்ந்த உப்பு அது, மூலக்கூறு எடை 306. நிறுத்தவர் நீரில்லாத உப்பின் 216-ஐ வைத்துக் கணக்குப் போட்டிருந்தார். 10 மில்லிமோலார் என்று நாங்கள் நம்பியது உண்மையில் 7. வெளிறியதற்கு அதுதான் முழுக் காரணமா என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் திருத்திய பிறகு தட்டு சிவந்தது. எதிர்ப்பக்கத் தவறு இன்னும் மோசம். பாஸ்பேட் கூடினால் செல் ஒன்றும் செய்யாமலே கனிமம் வீழ்படிவாக இறங்கும், பார்க்க அழகாகவும் இருக்கும்.

8. விதைத்தலும் கன்ட்ரோலும்

24 குழித் தட்டில் ஒரு குழியின் பரப்பு 1.9 சதுர செ.மீ. சதுர செ.மீ.க்கு 20,000 செல் என்றால் குழிக்கு 38,000. அரை மி.லி.யில் போடுவதாக இருந்தால் மி.லி.க்கு 76,000 செல் உள்ள கலவை வேண்டும். செல்கள் அடியில் இறங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு நான்கு குழிக்கும் ஒரு தடவை கலவையை மெதுவாகக் கலக்குங்கள். கலக்காமல் போனால் முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் செல் எண்ணிக்கை நன்றாகவே மாறிவிடும்.

ஒரு நாள் ஒட்டவிட்டு, மறுநாள் எலும்பு மீடியத்துக்கு மாற்றுங்கள். ஒட்டுவதற்கு முன்பே மாற்றினால் செல் குறைவாகவே நிற்கும்.

ஒரு கொடையாளிக்கு நான் வைக்கும் பன்னிரண்டு குழிகள் இவை. நான்கில் செல்லும் எலும்பு மீடியமும். நான்கில் செல்லும் சாதாரண மீடியமும். இரண்டில் செல்லே இல்லாமல் எலும்பு மீடியம் மட்டும். கடைசி இரண்டில் செல்லை விதைத்து, மறுநாள் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடால் கொன்று, நன்றாகக் கழுவி, அதன்மேல் எலும்பு மீடியம். செத்த செல்லும் கால்சியத்தை இழுத்துப் பிடிக்கும், அதனால்தான் இந்தக் கடைசி இரண்டு. அவை சிவந்துவிட்டால் மற்ற குழிகளின் சிவப்பை வைத்து ஒன்றும் பேச முடியாது.

சாயம் ஊற்றினால் அந்தக் குழியின் கதை முடிந்தது. எனவே 7, 14, 21 ஆகிய ஒவ்வொரு சோதனை நாளுக்கும் தனித்தட்டு முதல் நாளிலேயே விதைத்திருக்க வேண்டும். 21-ஆம் நாள் வந்து "ஏழாம் நாள் ஆல்கலைன் பாஸ்படேஸ் எவ்வளவு?" என்று கேட்டால் பதில் இல்லாமல் நிற்பவர்கள் ஏராளம்.

கொடையாளிகள் குறைந்தது மூன்று பேர் வேண்டும், செல்களை ஒன்றாகக் கலக்காமல். ஒரே ஆளின் செல் நான்கு குழியில் இருந்தாலும் அது ஒரே ஆள்தான். ஒருவர் செல் பதினான்காம் நாளே கெட்டியாகப் படியும், இன்னொருவருடையது இருபத்தெட்டு நாளானாலும் தயங்கும்.

9. மூன்று வாரக் காவல்

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மீடியம் மாற்றுவதுதான் வேலை. கேட்கச் சுலபம், பாதித் தட்டுகள் இங்கேதான் போகின்றன.

இரண்டாவது வாரத்துக்குள் செல்கள் கொலாஜன் பின்னி ஒரு மெல்லிய தாளாகிவிடும். அந்தத் தாள் தானாகச் சுருங்கும். குழியின் ஓரத்தில் முதலில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும், அடுத்த நாள் ஓரம் மடிந்து நிற்கும். அந்த நேரத்தில் உறிஞ்சியை நடுவில் வைத்தீர்களானால் ஒரு சின்னச் சத்தம், மொத்தத் தாளும் குழாய்க்குள். பதினெட்டாம் நாள் இப்படி ஆகி, தட்டைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்ற ஒரு மாணவியை இன்னும் மறக்கவில்லை.

தட்டைச் சாய்த்து, ஓரத்திலிருந்து, பைப்பெட்டால் மெதுவாக எடுங்கள். பத்தாம் நாளுக்குப் பிறகு பாதி மீடியத்தை மட்டும் மாற்றுங்கள். புது மீடியத்தைச் சுவரோடு வழியவிடுங்கள். அப்படியும் உரிந்தால் அடுத்த முறை தட்டை முதலில் 0.1 சதவீத ஜெலட்டினால் பூசுங்கள், விதைக்கும் அடர்த்தியையும் கொஞ்சம் குறையுங்கள்.

10. சோதனைகள், அவற்றின் வரிசை

ஆல்கலைன் பாஸ்படேஸ் 7-லிருந்து 14 நாளுக்குள் உயரும். கனிமம் படியத் தொடங்கியதும் இறங்கவும் செய்யும், 21-ஆம் நாள் மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். அளவைக் குழியில் உள்ள டிஎன்ஏ அளவால் வகுத்துச் சொல்லுங்கள். செல் அதிகம் இருந்தாலே நொதியும் அதிகம் இருக்கும். டெக்ஸாமெத்தசோன் தன்னாலேயே இந்த நொதியைக் கூட்டும் என்பதால் இதை மட்டும் ஆதாரமாக வைக்கவும் கூடாது. மரபணுக்களில் ரன்எக்ஸ்2 முதலில் வரும், முதிர்ந்த எலும்பு செல்லின் அடையாளமான ஆஸ்டியோகால்சின் கடைசியில்.

அலிசரின் ரெட் 2 சதவீதம், பிஎச் 4.2. பிஎச் தவறினால் சாயம் எதையும் பிடிக்கும், அல்லது எதையுமே பிடிக்காது. செல்களை வேதிப்பொருளால் இருந்தபடியே நிலைநிறுத்திய பிறகு பிபிஎஸ்ஸை விட்டுவிட்டுக் காய்ச்சி வடித்த நீரால் கழுவுங்கள். மிஞ்சும் பாஸ்பேட் புதிதாக வீழ்படிவு உண்டாக்கும். சாயத்தில் 20 நிமிடம், பிறகு நீர் தெளியும்வரை கழுவல். படம் எடுத்த பின் 10 சதவீத செட்டைல்பிரிடினியம் குளோரைடில் சாயத்தைக் கரைத்து 562 நானோமீட்டரில் அளந்தால் கண்ணுக்குப் பதில் எண் கிடைக்கும்.

இவ்வளவும் சேர்ந்து சொல்வது, செல்கள் எலும்பு செல் போலக் கனிமம் படியவைத்தன என்பதை மட்டும்தான். தாளில் ரத்தக் குழாய் இல்லை, எலும்பை அரித்துத் திருத்தும் ஆஸ்டியோகிளாஸ்ட் இல்லை. கட்டுரையில் "எலும்பு" என்று எழுதும்முன் கொஞ்சம் யோசியுங்கள்.

11. சாரத்தில் ஏற்றி முப்பரிமாணமாக வளர்த்தல்

சாரம் என்பது செல்கள் பற்றி வளரும், துளைகள் உள்ள தாங்கி (ஸ்கஃபோல்ட்). தட்டில் நம்பும்படி வந்த பிறகுதான் இதற்கு வாருங்கள். இல்லாவிட்டால் தவறு செல்லிலா சாரத்திலா என்று பிரிக்க முடியாது. பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட், ஹைட்ராக்சிஅபடைட், செல் நீக்கிய எலும்பு ஆகியவை வழக்கமான சாரங்கள். துளைகள் 300 மைக்ரானை ஒட்டி, ஒன்றோடொன்று இணைந்து இருக்க வேண்டும்.

சாரத்தை இரவு முழுக்க மீடியத்தில் ஊறவையுங்கள். விதைக்கும்முன் மேல் ஈரத்தை ஒற்றி எடுத்தால் செல் கலவையை உள்ளே இழுத்துக்கொள்ளும். 5 மி.மீ. அளவுள்ள துண்டுக்கு 10 லட்சம் செல்களை 40 மைக்ரோலிட்டரில் அடக்கி, பாதியை மேலே சொட்டுங்கள். அரை மணி கழித்துப் புரட்டி மீதியைச் சொட்டுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மீடியத்தை நிரப்ப வேண்டும், முன்னாலேயே நிரப்பினால் செல்கள் கழுவிக்கொண்டு போய்விடும். செல் ஒட்டாத வகைத் தட்டில் செய்யுங்கள். மறுநாள் அடியில் மிஞ்சியதை எண்ணினால் எத்தனை ஏறின என்று தெரியும்.

அசையாத மீடியத்தில் ஆக்சிஜன் 200 மைக்ரான் போலத்தான் திசுவுக்குள் போகும். வெளிப்புறம் செழித்திருக்க நடுப்பகுதி செத்துக் கிடக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு வாரம் கழித்து ஒரு துண்டைக் குறுக்காக வெட்டி, உயிர்-சாவு சாயத்தில் பாருங்கள். நடு செத்திருந்தால் மீடியத்தைச் சாரத்துக்குள் ஓட்டும் பெர்ஃப்யூஷன் பயோரியாக்டர் தேவை. விதைத்து ஓரிரு நாள் கழித்து, மிகக் குறைந்த ஓட்டத்தில் தொடங்குங்கள். குழாயில் காற்றுக் குமிழி ஒன்று மாட்டினால் போதும், அந்தப் பக்கத்துத் துளைகளுக்கு மீடியமே போகாது.

12. சாரத்தைப் பரிசோதிக்கும்போது

இங்கே அலிசரின் ரெட்டை நம்பாதீர்கள். சாரமே கால்சியம் என்றால் செல் இல்லாத துண்டும் அப்படியே சிவக்கும். அதே நாள்கள் அதே மீடியத்தில் ஊறிய செல்லில்லாத சாரத்தைப் பக்கத்தில் வைத்து, மைக்ரோ சிடியில் (நுண்ணளவு எக்ஸ்ரே ஸ்கேன்) முதல் நாள் படத்துக்கும் கடைசி நாள் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். மரபணு அளவும் கொலாஜன் சாயமும் துணைக்கு வரும்.

திசு வெட்டும் பிரிவுக்கு அனுப்பும்போது துண்டை இரண்டாக்கி, ஒரு பாதியில் "கால்சியம் நீக்க வேண்டாம், ரெசினில் பதிக்கவும்" என்று எழுதி ஒட்டுங்கள். எழுதாவிட்டால் அவர்கள் வழக்கப்படி கால்சியம் நீக்கும் கரைசலில் போட்டுவிடுவார்கள், நான்கு வாரம் காத்திருந்த கனிமம் ஒரே இரவில் கரைந்துவிடும்.